நகரம் பெருகுகிறது, சாலை பெருகாது: போக்குவரத்துக் கேள்வி-பதில்

உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. ஐ.நா. கணிப்பின்படி 2050 வாக்கில் அது 970 கோடியை நெருங்கும். அப்போது நூற்றில் 68 பேர் நகரங்களில் இருப்பார்கள். அத்தனை பேரும் தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வர வேண்டும். இது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: எங்கள் ஊரின் முதன்மைச் சாலை நான்கு தடம். ஆறு தடமாக்கினால் நெரிசல் தீருமா?

ஓரிரு ஆண்டுகளுக்குத் தீர்ந்ததுபோலத் தெரியும். சாலை கொஞ்சம் காலியானதும், நெரிசலுக்குப் பயந்து சீக்கிரம் கிளம்பியவர்கள் பழைய நேரத்துக்குத் திரும்புவார்கள். பஸ்ஸில் போனவர் கார் எடுப்பார். ஊருக்கு வெளியே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மனை விற்பது எளிதாகும். அங்கே குடியேறுகிறவர்களும் இதே சாலைக்குத்தான் வருவார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் விரிவாக்கி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். அங்கேயும் சில ஆண்டுகளில் உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டது.

3.5 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்களுக்கு விட்டால் நகருக்குள் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை கடப்பார்கள். அடிக்கடி பஸ் ஓடும் தனித்தடமாக்கினால் 4,000 முதல் 8,000 பேர். சைக்கிள் தடமாக்கினால் சுமார் 7,000. நடைபாதையாக்கினால் 8,000-க்கு மேல். விரிவாக்கத்துக்குப் பணம் ஒதுக்கும் முன், ஒரு வேலைநாள் காலை உச்ச மணியில் ஆட்களை நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள்: ஒவ்வொரு வகையிலும் எத்தனை வண்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், ஓரத்தில் நடந்துபோனவர்கள் எத்தனை பேர். இந்தக் கடைசிக் கணக்கைத்தான் பெரும்பாலும் எடுப்பதே இல்லை. அதனால்தான் நடைபாதையை வெட்டி வண்டித் தடம் சேர்க்கும் திட்டங்கள் கேள்வியே இல்லாமல் நிறைவேறிவிடுகின்றன.

கேள்வி: பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டாயிற்று. ஆனாலும் நிறுத்தங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ்கள் தேங்கி நிற்கின்றன. எங்கே தவறு?

தடத்தில் தவறு இருக்காது. நிறுத்தத்தில் ஒரு பஸ் எத்தனை விநாடி நிற்கிறது என்று பாருங்கள். மணிக்கு 60 பஸ், ஒவ்வொன்றும் 40 விநாடி நின்றால் மொத்தம் 2,400 விநாடி. ஒரு மணி என்பது 3,600 விநாடி. ஆக அந்த இடம் மூன்றில் இரண்டு பங்கு நேரம் அடைபட்டே இருக்கிறது. பஸ்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை என்பதால், 40 சதவீதத்தைத் தாண்டினாலே பின்னால் வரிசை கட்டத் தொடங்கும். நிற்கும் நேரத்தை 15 விநாடியாகக் குறைத்தால் அதே 60 பஸ்ஸுக்கு 900 விநாடி, அதாவது 25 சதவீதம். தேக்கம் போய்விடும்.

நேரத்தைத் தின்பவை மூன்று. முதலாவது, உள்ளே ஏறிய பிறகு சீட்டு வாங்குவது: முன்கதவில் ஓட்டுநரிடம் சில்லறை கொடுத்து ஏறினால் ஆளுக்கு மூன்று நான்கு விநாடி ஆகும். சீட்டை நிறுத்தத்திலேயே வாங்கிக்கொண்டு எல்லாக் கதவிலும் ஏறினால் ஒரு விநாடிதான். இரண்டாவது, படி. மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டமாக இருந்தால் முதியவர், குழந்தையைத் தூக்கிவருகிறவர், சக்கர நாற்காலியில் வருகிறவர் எல்லாரும் தடங்கலின்றி ஏறுவார்கள். மேடை மட்டம் சரியாக இருந்தும் பஸ் அரை மீட்டர் தள்ளி நின்றால் பயனில்லை. மேடை ஓரத்தில் டயர் உரசினாலும் சேதமாகாத சாய்வான ஓரக்கல் பதித்தால் ஓட்டுநர் தயங்காமல் ஒட்டி நிறுத்துவார். மூன்றாவது, சிக்னலுக்கு மிக அருகே நிறுத்தம் வைப்பது. பயணிகள் ஏறி முடிக்கும்போது சிவப்பு விழும். பின்னால் வந்த பஸ் நிறுத்தத்துக்குள் நுழைய முடியாது.

கூட்டம் இதற்கும் மேலே போனால், நிறுத்தத்தில் மட்டும் முந்திச் செல்ல இன்னொரு தடம் வேண்டும். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற பஸ் சேவை, ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்வது அந்தத் தடத்தால்தான். எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் பஸ்ஸை விரைவு பஸ் அங்கே தாண்டிப் போய்விடும்.

கேள்வி: ஒரு வழித்தடத்துக்கு எத்தனை பஸ் தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?

போய்வரும் நேரத்தோடு ஓய்வு நேரத்தைக் கூட்டி, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதால் வகுக்க வேண்டும். 80 நிமிடப் பயணம், 10 நிமிட ஓய்வு, 5 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் 18 பஸ். பழுதுக்கும் பராமரிப்புக்கும் பத்தில் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தனித்தடம் வந்து பயணம் 65 நிமிடமானால் அதே சேவைக்கு 15 பஸ் போதும். மூன்று பஸ் மிச்சம். புது பஸ் கேட்கும் முன் இருப்பவற்றின் வேகத்தைக் கூட்டச் சொல்வது இதனால்தான். 10 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விட்டால் மக்கள் அட்டவணை பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: தனியார் வேன்களும் மினி பஸ்களும் பயணிகளுக்காகப் போட்டி போட்டு ஓடுகின்றன. தடை செய்துவிடலாமா?

அவசரப்பட்டுத் தடை செய்தால் மறுநாள் காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். வேகமாக வளரும் பல நகரங்களில் பெரும்பான்மைப் பயணிகளைச் சுமப்பவை இந்த வண்டிகள்தாம். ஓட்டுநர் ஏன் பறக்கிறார் என்று பாருங்கள்: உரிமையாளருக்கு நாள் வாடகை கொடுத்து, டீசல் போட்டு, மிஞ்சியதுதான் அவருக்குக் கூலி. முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்தில் ஆள் கிடைக்கும். அபராதத்தால் இது மாறாது. கூலி ஓடிய கிலோமீட்டருக்கு வர வேண்டும். கட்டண வசூல் ஒரே பொதுக் கணக்குக்குப் போக வேண்டும்.

முதல் வேலை, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று வரைபடம் போடுவது. கென்யாவின் நைரோபியில் மாணவர்கள் கைப்பேசியோடு மட்டாட்டு எனப்படும் தனியார் வேன்களில் ஏறி, வழித்தடங்களையும் நிறுத்தங்களையும் பதிவு செய்தார்கள்; 2014-இல் நகர் முழுவதற்குமான வரைபடம் வெளியானது. பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. பிறகு உரிமையாளர்களைச் சங்கமாக்கி, ஒரு வழித்தடத்தில் ஒப்பந்தம் போட்டுப் பார்க்கலாம். அவர்களை வெளியே தள்ளிவிட்டுப் போடும் திட்டத்தை அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: எல்லாம் மின்சார வாகனமாகிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுமே?

புகை குறையும், நெரிசல் குறையாது. மின்சாரக் காரும் அதே இடத்தைத்தான் அடைக்கும். திருப்பி எடுக்கும் இடத்தையும் சேர்த்தால் ஒரு காரை நிறுத்த 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். மின்சாரத்தை முதலில் பஸ்ஸுக்குக் கொடுங்கள். சீனாவின் ஷென்ழென் 2017 இறுதிக்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களையும் மாற்றிவிட்டது.

பணிமனையின் மின்இணைப்பில்தான் பல திட்டங்கள் சிக்கிக்கொள்கின்றன. 12 மீட்டர் பஸ் கிலோமீட்டருக்குச் சுமார் 1.25 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு 250 யூனிட். நூறு பஸ்ஸுக்கு 25,000 யூனிட். இரவில் ஆறு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் 4 மெகாவாட்டுக்கு மேல் தேவை. சாதாரணத் தெரு டிரான்ஸ்பார்மர் இதைத் தாங்காது. மின்வாரியத்திடம் விண்ணப்பித்து, இணைப்புத் தேதி உறுதியான பிறகு பஸ் வாங்குங்கள். பேட்டரி வயதாகும்போது திறன் குறையும் என்பதால், நிறுவனம் சொல்லும் தூரத்தில் 70 சதவீதத்தை வைத்தே வழித்தடம் போடுங்கள்.

கேள்வி: நகருக்குள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது நடைமுறைக்கு ஒத்துவருமா?

குடியிருப்பு, பள்ளி, சந்தைத் தெருக்களில் கட்டாயம் வேண்டும். காரணம் எளிய கணக்கு. ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும். 30-இல் போகும் கார் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் ஓடி, பிரேக் பிடித்து, மொத்தம் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் போகும் கார் அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். முதல் கார் நின்றுபோன இடத்தை இரண்டாவது கார் வேகம் துளியும் குறையாமல் கடக்கிறது. அங்கே ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பலகை மட்டும் நட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். தடத்தை 3 மீட்டராகக் குறுக்குங்கள், திருப்பங்களின் வளைவை இறுக்குங்கள், கடக்குமிடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள். அகலச் சாலையின் நடுவே 2 மீட்டர் திட்டு வைத்தால் ஒரே மூச்சில் ஓடிக் கடக்க வேண்டியிருக்காது. பச்சை விளக்கு நேரத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் நடையில் கணக்கிடுவது வழக்கம். முதியவர்கள் அதிகமுள்ள இடத்தில் அதை 0.9 ஆக்குங்கள்.

கேள்வி: நகர மையத்துக்குள் வரும் வண்டிகளிடம் நெரிசல் கட்டணம் வசூலித்தால் பலன் தருமா?

தரும். சிங்கப்பூர் 1975-லும் லண்டன் 2003-லும் தொடங்கின. ஸ்டாக்ஹோம் 2006 ஜனவரியில் சோதனையாகக் கொண்டுவந்தபோது கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அங்கே கூடுதல் பஸ்களை 2005 ஆகஸ்டிலேயே ஓட விட்டுவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மாற்று வழி இல்லாமல் கட்டணம் மட்டும் வந்தால் மக்கள் கொதிப்பது நியாயம்தான்.

கேள்வி: நகரின் ஓரத்தில் இன்னும் வயலும் வெற்றிடமும் இருக்கின்றன. இப்போதே செய்ய வேண்டியது என்ன?

இந்தக் கேள்வியைப் பத்து ஆண்டு முன்னதாகக் கேட்கும் நகரங்கள் பிழைத்துக்கொள்ளும். மனைப்பிரிவுகள் தனித்தனியாக முளைத்தால் ஒவ்வொன்றின் தெருவும் அதன் மதிலோடு முட்டி நின்றுவிடும். பின்னால் எந்தப் பஸ்ஸும் அதற்குள் ஊடுருவ முடியாது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக, 30 மீட்டர் அகலத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருஞ்சாலைகளுக்கு நிலத்தைக் குறித்து, சட்டப்படி உரிமை எடுத்து, எல்லைக்கல் நடுங்கள். தார் பிறகு போடலாம். அப்படிச் செய்தால் எந்த வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடைக்குள் பஸ் பாதை வந்துவிடும். மொத்த நிலத்தில் 30 சதவீதமாவது தெருக்களுக்கு வேண்டும் என்பது ஐ.நா. வாழ்விடத் திட்டத்தின் பரிந்துரை. பார்சிலோனாவின் விரிவாக்கத்துக்கு 1859-இல் ஒப்புதலான, சதுரக் கட்டங்களாகப் பிரித்த திட்டத்தில் தெருக்கள் 20 மீட்டர் அகலம். கார் என்ற ஒன்று பிறக்கும் முன் போட்ட அந்தத் தெருக்களில்தான் இன்று பஸ் தடமும் சைக்கிள் தடமும் ஓடுகின்றன.

கேள்வி: செங்குத்தான மலைச்சரிவில் நெருக்கமான குடியிருப்பு. சாலையே போட முடியாது. வழி உண்டா?

கம்பிவட ஊர்தி (ரோப் கார்) உண்டு. கொலம்பியாவின் மெதெயின் 2004-இல் முதல் வழித்தடத்தை மெட்ரோவோடு இணைத்தது; ஒரு திசையில் மணிக்கு 3,000 பேர் அளவுக்குச் செல்லலாம். தூண்களுக்கு மட்டுமே நிலம் தேவை என்பதால் இடிக்க வேண்டிய வீடுகள் குறைவு. மெட்ரோ சீட்டே இதற்கும் செல்லுபடியாக வேண்டும். தனிச்சீட்டு என்றால் ஏழைகள் படிக்கட்டிலேயே இறங்குவார்கள். பலத்த காற்றிலும் இடிமழையிலும் நிறுத்த வேண்டிவரும் என்பதால் கீழே மாற்றுப் பஸ் ஏற்பாடும், படிக்கட்டில் கைப்பிடியும் விளக்கும் கட்டாயம் இருக்கட்டும்.