தீர்த்தன் ஆற்றில் டிரவுட்: வாசகர் கேள்விகள்

மார்ச் மாதமே இமாச்சலுக்குக் கிளம்பலாமா? விடியற்காலையில்தான் மீன் சிக்குமா?

கிளம்பலாம். டிரவுட் என்ற குளிர்நீர் மீன் வாழும் ஆறுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன்பிடிக்கத் தடை. மார்ச் 1 அன்று திறந்துவிடுவார்கள். மீன்வளத்துறையின் உரிமத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தண்ணீருக்குப் போங்கள். விடியலில் எழுந்து ஓட வேண்டாம். நீர் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் மீன் பாறையடியில் முடங்கிக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணி முதல் பிற்பகல் வரைதான் மார்ச்சில் நல்ல வேளை. மே மாதத்தில் இது தலைகீழ்: பிற்பகலில் பனி உருகி ஆறு கலங்கிப் பெருகும், காலையே மேல்.

தூண்டிலில் கட்டிய மிதக்கும் செயற்கை ஈயை மீன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன்?

அது அப்போது அடியில் மேய்ந்துகொண்டிருக்கிறது. தூண்டிலைக் கரையில் வைத்துவிட்டு, ஓட்டத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். தட்டையான உடலும் மெல்லிய வால்களுமாகக் கல்லோடு ஒட்டி நழுவுவது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம். மணல்துகள்களைப் பசைநூலால் ஒட்டிக் கட்டிய சிறு குழலுக்குள்ளிருந்து தலை நீட்டுவது கேடிஸ் என்ற பூச்சியின் புழு. இவைதான் அன்றைய சாப்பாடு. அதே அளவில், அதே பழுப்பில், தலையில் மணி கோத்த, 14 அல்லது 16ஆம் எண் முள்ளில் செய்த நிம்ஃப் (இந்த இளம்பூச்சிகளைப் போன்ற செயற்கை இரை) ஒன்றைக் கட்டுங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே வீசி, அடித்தளத்தை உரசியபடி மிதந்து வர விடுங்கள். தூண்டில் நரம்பு ஒரு நொடி தயங்கினாலும் கோலை உயர்த்திவிடுங்கள். பாதி வேளை கல்லாக இருக்கும், மீதி வேளை மீன். கல்லைப் பழையபடி வைக்க மறக்காதீர்கள்.

எத்தனை அடிக் கோல்?

எட்டரை அல்லது ஒன்பது அடி, 4 அல்லது 5ஆம் எண் (கோலுக்கு ஏற்ற நரம்பின் எடையைக் குறிப்பது). விலை உயர்ந்தது தேவையில்லை.

பிடித்ததைத் திரும்ப விட்டால் பிழைக்குமா?

பிழைக்கும், நீங்கள் அவசரமாகவும் மென்மையாகவும் இருந்தால். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்த பிறகே தொடுங்கள். உலர்ந்த கை அதன் மேல்பூச்சை வழித்துவிடும். படம் எடுப்பதென்றால் மீன் நீரிலேயே இருக்கட்டும்.

ஆற்றுக்குள் இறங்கி நடக்கலாமா?

வசந்தத்தில் முடிந்தவரை வேண்டாம். குளிர்காலத்தில் இட்ட முட்டைகளும் பொரித்த குஞ்சுகளும் சரளைக்குள்தான் இருக்கும். சுற்றியுள்ள படுகையைவிட வெளிறித் தெரியும் சரளைத் திட்டில் ஒரு காலடி வைத்தால் அவை நசுங்கிவிடக்கூடும். கரையில் குனிந்தபடி, நீரோட்டத்துக்கு எதிராக மேலேறிப் போங்கள். டிரவுட் எதிர்நீச்சலில் முகம் வைத்து நிற்பதால், பின்னாலிருந்து வருகிறவரை எளிதில் கவனிக்காது.