தாலிக்கொடி அடகுக்குப் போகும் முன்

கேள்வி: என் கணவர் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பல வருடமாக வேலை செய்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் வேலை முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிள் மோதிக் கால் முறிந்துவிட்டது. கடையில் ஒரு மாதச் சம்பளம் தந்தார்கள், அதோடு சரி. வாடகை இரண்டு மாதம் நிலுவை. மகள் இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள், மகன் ஆறாம் வகுப்பு. தெரிந்த ஒருவர் 50,000 ரூபாய் தருகிறேன், நாளுக்கு 500 ரூபாய் வட்டி என்கிறார். இல்லாவிட்டால் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டும். சர்ச்சில் கேட்டால் உதவுவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நாங்கள் சைவம், போய்க் கேட்கலாமா? சாமான் பையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மாமியார், "ஊர் சிரிக்கும், வாயைத் திறக்காதே" என்கிறார்.
— பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, அந்த நாள் வட்டிக் காசைத் தயவுசெய்து வாங்காதீர்கள். நாளுக்கு 500 என்றால் மாதம் 15,000. மூன்று மாதத்தில் 45,000 கட்டியிருப்பீர்கள், முதல் 50,000 அப்படியே நிற்கும். வாய்க்கும் வயிற்றுக்கும் போதாத வீட்டில் இந்தச் சுமையை ஏற்றினால் பிறகு யார் உதவினாலும் அந்த உதவி வட்டிக்காரர் கைக்குத்தான் போகும். நகை வைத்தே ஆகவேண்டும் என்றால் வங்கியில் வையுங்கள். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. நம் ஆட்கள் பலர் எல்லாவற்றையும் விற்று, அடகு வைத்து, கடன்பட்டு, கடைசியில்தான் வாய் திறக்கிறார்கள். அப்போது உதவுகிறவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. நீங்கள் இரண்டாம் மாதத்திலேயே எழுதிவிட்டீர்கள். இது நல்ல நேரம்.

சர்ச்சில் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். பக்கத்து வீட்டு அக்கா அநேகமாக வின்சன்ட் டி போல் சபையைத்தான் சொல்லியிருப்பார். 1833 இல் பாரிஸ் நகரில் சில மாணவர்கள் சேர்ந்து ஏழை வீடுகளுக்குப் போகத் தொடங்கியதில் பிறந்த சபை அது. இங்கே பங்குக் கோயில்களோடு சேர்ந்து இயங்குகிறது. சமய வேறுபாடு பார்த்து உதவுவது அவர்கள் வழக்கமில்லை. கோயில் அலுவலகத்தில் சொல்லி வைத்தால், சபை அங்கத்தவர்கள் இரண்டு பேராக வீட்டுக்கு வந்து பேசுவார்கள். வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள்: வருமானம் என்ன, வாடகை என்ன, மருந்துக்கு எவ்வளவு. அவமானப்படுத்தக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிற கொஞ்சக் காசைப் பத்துக் குடும்பத்துக்குப் பிரிக்கிறவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

அதேபோல் நீங்கள் கும்பிடும் கோயிலின் அறங்காவலர் சபையிலும் சொல்லுங்கள். கொழும்புக் கோயில்களில் அன்னதானத்துக்குக் கொடுக்கிறவர்கள் நிறைய. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பொறுப்பெடுக்கக்கூடியவர் அவர்களுக்குள்ளேயே இருப்பார், அவருக்கு உங்கள் வீட்டு நிலைமை தெரியாது, அவ்வளவுதான். உங்கள் கணவரின் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் இரண்டையும் விடாதீர்கள். (இதைப் படிக்கும் முஸ்லிம் சகோதரிகளுக்கு: உங்கள் மஹல்லா பள்ளிவாசலின் ஸகாத் நிதியில் ஏழைகளுக்கும் கடன்பட்டவர்களுக்கும் பங்கு இருக்கிறது. நிர்வாகத்திடம் நேரே கேளுங்கள்.)

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "கஷ்டமாக இருக்கிறது, ஏதாவது உதவி செய்யுங்கள்" என்றால் அநேகமாகக் கையில் வருவது உலருணவுப் பொதி. அரிசி, பருப்பு, சீனி, நெத்தலி, ஒரு பால்மா பைக்கற். நல்லதுதான். ஆனால் அந்தப் பைக்குள் வாடகை இல்லை, காஸ் சிலிண்டர் இல்லை, பள்ளிக்கூட வேன் காசு இல்லை, மகளுக்கு மாதாமாதம் வேண்டிய நாப்கின் இல்லை. அதனால் அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இப்படி இருந்தால் போதும்:

"என் கணவர் விபத்தில் கால் முறிந்து இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. மீண்டும் வேலைக்குப் போக இன்னும் நான்கு மாதம் ஆகும் என்று டொக்டர் சொல்கிறார். சாப்பாட்டை ஓரளவு சமாளிக்கிறோம். இரண்டு மாத வாடகையும் மகனின் வேன் காசும்தான் முடியவில்லை. காசை எங்கள் கையில் தர வேண்டாம், வீட்டுச் சொந்தக்காரருக்கும் வேன்காரருக்கும் நேரே கொடுத்தால் போதும்."

மாதக் கணக்கை டொக்டர் சொன்னபடி மாற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு, எத்தனை மாதம், யார் கையில் என்று மூன்றும் தெரிந்தால் கொடுக்கிறவருக்கு முடிவெடுப்பது சுலபம். வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

மகளின் டியூஷன் கிளாஸுக்கு யாரிடமும் காசு கேட்கத் தேவையில்லை. கிளாஸ் தொடங்கும் முன் சேரைத் தனியாகச் சந்தித்து 'ஃப்ரீ கார்ட்' (காசு கட்டாமல் படிக்க அனுமதி) கேளுங்கள். நம் நாட்டில் எத்தனையோ ஆசிரியர்கள் அமைதியாகச் செய்துகொண்டிருக்கும் தர்மம் இது.

இனிப் படத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானது. ஓ.எல். எழுதப் போகிற பிள்ளை, தன் தாய் கேமராவைப் பார்த்துப் பை வாங்குவதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பார்த்தால் அவள் மனம் என்ன பாடுபடும்! உதவியை ஏற்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "கையெழுத்து வைத்துத் தருகிறேன், படம் மட்டும் வேண்டாம்." கணக்குக் காட்டக் கையெழுத்துப் போதும். நல்ல அமைப்பு இதற்குச் சம்மதிக்கும். சம்மதிக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். கொடுக்கிறவர்களிடமும் கேட்கிறேன்: வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவருக்குச் சாட்சி வேண்டும் என்றால் கடைப் பில்லை அனுப்புங்கள், சாமான் மூட்டைகளைப் படம் எடுங்கள். வாங்குகிறவரின் முகம் எதற்கு?

தர்ம உதவி இந்த நான்கைந்து மாத இடைவெளியை அடைக்கத்தான். உங்களுக்கு உரித்தாக வர வேண்டிய காசு வேறு இருக்கலாம், அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வேலை முடிந்து வரும் வழியில்தானே விபத்து? வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டபோது, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள், உச்சத் தொகையையும் 20 இலட்சமாக உயர்த்தினார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது காயத்தைப் பொறுத்தது. மோதிய மோட்டார் சைக்கிளின் காப்புறுதியிலிருந்தும் கேட்க வழி உண்டு. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, டயக்னோசிஸ் கார்ட், சம்பளச் சிட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு புதுக்கடைப் பகுதியில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வழி சொல்லும் அரச நிறுவனம் அது. கணவர் வேலையை எழுதிக் கொடுத்து விலகுவதென்றால், அதற்கு முன் அங்கே கேட்டுக்கொள்ளட்டும். வேலை போய்விட்டது என்று உறுதியானால் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) காசை எடுக்கலாம், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) மாதிரி 55 வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் அஸ்வெசும உதவித்தொகை பற்றியும் கிராம சேவகரிடம் கேட்டு வையுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 என்று கூட்டியிருக்கிறார்கள். விண்ணப்பம் எந்நேரமும் ஏற்க மாட்டார்கள், தெரிவாகவும் காலம் எடுக்கும். அதை நம்பி இந்த மாத வாடகையைக் கணக்குப் போடாதீர்கள். கிராம சேவகரிடம் வீட்டுப் பதிவில் உங்கள் பெயர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வாடகை வீட்டில் இருக்கும் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "உதவி எடுத்துத் தருகிறேன், பதிவுக் காசு 2,000 கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். உண்மையாக உதவுகிறவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார், போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தையும் கேட்க மாட்டார்.

மாமியார் சொன்னதில் ஒரு பாதி சரி. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், உதவக்கூடிய நான்கு இடத்தில் மட்டும் சொல்லுங்கள். ஆனால் வீட்டுச் சொந்தக்காரரிடம் மறைக்காதீர்கள். அவர் கேட்டு வரும்வரை காத்திராமல் இந்த வாரமே நீங்கள் போங்கள், முடிந்தால் 2,000, 3,000 ஆவது கையில் கொடுத்து, மிச்சத்துக்கு இன்ன இன்ன இடத்தில் கேட்டிருக்கிறோம் என்று அந்தக் கடிதத்தையே காட்டுங்கள். அட்வான்ஸ் காசில் கழித்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். சில வீட்டுக்காரர்கள் சம்மதிப்பார்கள்.