டாக்ரோலிமஸ் அளவு 14 வந்ததற்கு

வணக்கம் சகோதரி. அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி நான்கு மாதம் ஆகிறது, மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தப் பரிசோதனையில் 14 வந்திருக்கிறது, மாத்திரையை நாமே குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குறைக்காதீர்கள்.

அன்று மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாரா என்று முதலில் கேளுங்கள். போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். அந்த எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. முந்தைய இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, அதன் பிறகே காலை மாத்திரை. பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துப் போகட்டும்.

நேரம் சரியாக இருந்தும் கூடியிருந்தால், வயிற்றுப்போக்கு இருந்ததா பாருங்கள். நிறைய பேருக்குத் தெரியாது, பேதியானால் இந்த மருந்தின் அளவு குறையாது, ஏறும். பம்பளிமாஸ் பழமும் ஏற்றும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் இரண்டும் அப்படித்தான். ஆகவே வேறு டாக்டர் எது எழுதினாலும் சிறுநீரக டாக்டரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது.

டம்ளர் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா? நடுங்கினாலோ, காய்ச்சல் 100.4 தாண்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காத்திருக்காமல் இன்றே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். மருந்துக் கடையில் வேறு கம்பெனி மாத்திரை மாற்றிக் கொடுத்தார்களா என்பதையும் அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.