சுல்தான்களின் தலைநகராக இருந்து இன்று மாவட்டத் தலைநகராக மட்டும் இருக்கும் ஊர்களில் எதை அவசியம் பார்க்க வேண்டும்?

என் பதில் பீதர். கர்நாடகத்தின் வடகோடியில், தெலங்கானாவும் மகாராஷ்டிரமும் தொட்டுக்கொள்ளும் மூலையில் இருக்கும் இந்த மாவட்டத் தலைநகரை நம்மில் பலரும் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் படித்துக் கடந்திருப்போம். கோல் கும்பஸ் இருப்பதால் பீஜப்பூருக்கும், சார்மினார் இருப்பதால் ஐதராபாத்துக்கும் செல்பவர்கள் பீதரை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பீஜப்பூர், கோல்கொண்டா, அகமதுநகர், பெரார் ஆகிய அரசுகள் தனியே பிரிந்து நிற்பதற்கு முன்பு, தக்காணத்தின் பெரும்பகுதியை ஆண்ட பாமினி சுல்தான்கள் அமர்ந்திருந்த இடம் இதுதான். ஐதராபாத்தில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நான் அங்கே சென்றுவந்தேன். அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்: பீதரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அரண்மனையிலிருந்து தொடங்கக் கூடாது, காலடியில் இருக்கும் பாறையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊர் அமைந்திருப்பது கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த செம்புராங்கல் மேட்டில். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு இந்தக் கல்லை அறிமுகப்படுத்தவே வேண்டாம். துளைகள் நிறைந்து, இரும்புத் துரு நிறத்தில், வெட்டும்போது இளகியும் காற்றுப் பட்டபின் இறுகியும் நிற்கும் அதே கல்தான். மழைநீர் இதன் துளைகள் வழியாக எளிதாகக் கீழே இறங்கிவிடும். ஆனால் அடியில் தக்காணத்துக்கே உரிய கரிய எரிமலைப் பாறை இருப்பதால் இறங்கிய நீர் அதற்கு மேல் போக வழியின்றி, இரண்டு பாறைகளும் சந்திக்கும் இடத்தில் தேங்கி, மேட்டின் ஓரங்களில் சுனைகளாக வெளிப்படுகிறது. பீதரில் நீங்கள் காணப்போகும் பல அதிசயங்களுக்கும் மூலம் இந்த ஒரு செய்திதான்.

1347-இல் தொடங்கிய பாமினி அரசின் முதல் தலைநகர் குல்பர்கா, இன்றைய கலபுரகி. 1422-இல் பட்டமேறிய முதலாம் அகமது ஷா சில ஆண்டுகளுக்குள் தலைநகரைப் பீதருக்கு மாற்றினார். இதற்கான காரணங்களை வரலாற்றாசிரியர்கள் பலவாறு சொல்வார்கள். கோட்டை மதில்மேல் நின்று வடக்கே பார்த்தால் ஒரு காரணம் தானாகவே விளங்கிவிடும். மேடு அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கி, மஞ்சிரா ஆற்றுச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. எதிரி மறைந்து வர இடமே இல்லை. தாக்குதலுக்கு எளிதான பக்கத்தில் மட்டும் பாறையையே வெட்டி மூன்று வரிசையாக அகழி தோண்டியிருக்கிறார்கள்; அகழிகளுக்கு நடுவே வெட்டாமல் விடப்பட்ட பாறை சுவர்களாக நிற்கிறது. இங்கிருந்து எடுத்த கல் மதிலுக்கும் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனெனில் இரண்டும் ஒரே சிவப்பு.

மேட்டின் உச்சியில் கோட்டை இருந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது? அதற்கான விடைதான் பீதரின் மிகப் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன். பாமினி அரசவைக்குப் பாரசீகத்திலிருந்து கவிஞர்களும் வணிகர்களும் மட்டும் வரவில்லை. நிலத்தடி நீரைச் சாய்வான சுரங்கம் வெட்டி, ஏற்றமோ இறைப்போ இல்லாமல், நீரின் ஓட்டத்தாலேயே ஊருக்குக் கொண்டுவரும் 'காரேஸ்' தொழில்நுட்பமும் வந்தது. நௌபாத் பகுதியில் இப்படிப்பட்ட ஒரு சுரங்கம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் செல்கிறது. காற்றுக்கும், மண்ணை வெளியேற்றுவதற்கும், நீர் மொள்வதற்குமாக வழிநெடுகக் கிணறு போன்ற செங்குத்துத் துளைகள் உண்டு. நீண்ட காலம் குப்பையும் மண்ணும் மூடிக் கிடந்த இவற்றை அண்மைக் காலத்தில்தான் அடையாளம் கண்டு தூர்வாரினார்கள். பாதுகாக்கப்பட வேண்டிய இடங்களுக்கான உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2014-ஆம் ஆண்டுப் பட்டியலில் பீதர் நகரம் இடம்பெற்றது. சுரங்கத்தைத் தூர்வாரினால் மட்டும் போதாது. மழைநீர் இறங்கும் மேட்டு நிலத்தைக் கட்டடங்கள் மூடிவிட்டால் சுரங்கம் இருக்கும், நீர் இருக்காது. ஊரின் வளர்ச்சியைத் திட்டமிடுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே உண்டு.

அதே நீர் வழிபாட்டிலும் கலந்திருக்கிறது. நரசிம்ம ஜர்ணி என்னும் குகைக் கோவிலில் மார்பளவு தண்ணீரில், மேலே வௌவால்கள் தொங்கும் நீண்ட குடைவுப் பாதையில் நடந்துசென்றுதான் சுவாமியைத் தரிசிக்க முடியும். ஊரின் மற்றொரு பக்கத்தில் குருநானக் ஜீரா குருத்வாரா இருக்கிறது. உவர்நீரால் தவித்த மக்களுக்காகக் குருநானக் காலால் ஒரு கல்லை நகர்த்த, நன்னீர் ஊற்று பிறந்தது என்பது சீக்கியர்களின் நம்பிக்கை.

இனி மகமூது கவான். ஈரானின் கீலான் பகுதியிலிருந்து வணிகராக வந்து பாமினி அரசின் பிரதம அமைச்சராக உயர்ந்த இவர், நிலத்தை அளந்து வரி விதித்தார். நான்காக இருந்த மாகாணங்களை எட்டாகப் பிரித்து, ஆளுநர்களின் அதிகாரத்தைக் குறைத்தார். 1472-இல் அவர் கட்டி முடித்த மதரசா இன்றும் ஊரின் நடுவே நிற்கிறது. மூன்று அடுக்குகள் கொண்ட அந்தக் கல்லூரியில் மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கிப் படிக்க அறைகளும் ஒரு பெரிய நூலகமும் இருந்தன. அவுரங்கசீப் காலத்தில் உள்ளே வைத்திருந்த வெடிமருந்து 1696-இல் வெடித்ததில் முகப்பின் ஒரு பகுதியும் ஒரு மினாரும் சரிந்தன. எஞ்சிய மினாரின் அருகில் நின்று பாருங்கள்: நீலமும் பச்சையும் மஞ்சளுமான ஓடுகள் வளைந்து வளைந்து மேலேறுகின்றன. பல இடங்களில் ஓடு உதிர்ந்து வெறும் பூச்சுத் தெரிந்தாலும், மிஞ்சியிருக்கும் துண்டுகளின் மெருகு ஐந்து நூற்றாண்டு வெயிலுக்கும் மங்கவில்லை.

இவருடைய முடிவு தமிழ்நாட்டையும் தொட்டுச் செல்கிறது. 1481-இல் மூன்றாம் முகமது ஷா காஞ்சிபுரம் வரை படையெடுத்துவந்து கோவில்களைக் கொள்ளையிட்டார். அதே படையெடுப்பின் போதுதான், பாமினி நாட்டின்மீது படையெடுத்து வரும்படி கவான் ஒரிசா மன்னரை அழைத்ததாக ஒரு பொய்க் கடிதத்தை அவருடைய எதிரிகள் உருவாக்கி, அவருடைய முத்திரையையும் இட்டு, சுல்தானிடம் காட்டினார்கள். எழுபது வயதை எட்டியிருந்த அமைச்சரைச் சுல்தான் விசாரணையின்றிக் கொண்டபள்ளியில் கொல்லச் செய்தார். அடுத்த ஆண்டே சுல்தானும் இறக்க, அரசு துண்டு துண்டாகச் சிதறத் தொடங்கியது. பீதர் பரீத் ஷாகி வம்சத்தின் கையில் சிறிய அரசாகச் சுருங்கி, 1619-இல் பீஜப்பூருக்கும் 1657-இல் முகலாயர்களுக்கும் போனது. அப்படிச் சுருங்கிய காலத்திலும் அந்த வம்சத்துச் சுல்தான் அலி பரீத் கோட்டைக்குள் ரங்கீன் மகாலை அழகுபடுத்தினார். கரிய கல்லில் முத்துச்சிப்பி பதித்த அந்த வேலைப்பாட்டைப் பார்க்காமல் வரக் கூடாது. அது பூட்டியிருந்தால் தொல்லியல் துறை ஊழியர்களிடம் கேளுங்கள்.

கல்லில் சிப்பி பதித்த ஊர், உலோகத்தில் வெள்ளி பதிப்பதை இன்றும் விடவில்லை. அதுதான் பித்ரி வேலை. சௌபாரா என்னும் கண்காணிப்புக் கோபுரத்தை அடுத்த தெருக்களில் பட்டறைகள் இருக்கின்றன. ஆர்வத்தோடு கேட்டால் உட்காரவைத்துக் காட்டுவார்கள். துத்தநாகத்தில் சிறிதளவு செம்பு கலந்து வார்த்த குடுவை முதலில் சாம்பல் நிறத்தில் இருக்கும். மயில்துத்தக் கரைசலைத் தடவித் தற்காலிகமாகக் கறுப்பாக்கி, அதன்மேல் கூரிய உளியால் பூவேலையைக் கீறி, கீறிய பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி இறக்குகிறார்கள். தேய்த்து மெருகேற்றும்போது அந்தக் கறுப்புப் போய், வெள்ளியும் துத்தநாகமும் ஒரே நிறமாகி, அத்தனை நேர வேலையும் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். அதன்பிறகு பொருளைச் சூடாக்கி, நவச்சாரமும் பழைய கோட்டைக்குள் மழையும் வெயிலும் படாத இடத்திலிருந்து எடுத்த மண்ணும் கலந்த குழம்பைத் தேய்க்கிறார்கள். உலோகம் அண்டங்காக்கைக் கறுப்பாக மாற, வெள்ளி மட்டும் அப்படியே பளிச்சென்று எழுகிறது. மண் சரியானதுதானா என்பதை நாக்கில் வைத்துப் பார்த்தே கைவினைஞர்கள் முடிவு செய்கிறார்கள். 2006-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதாக இருந்தால் பட்டறையிலேயே வாங்குங்கள்; உழைத்தவர் கைக்கே பணம் போகும்.

ஊருக்குக் கிழக்கே அஷ்டூரில் பாமினி சுல்தான்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அகமது ஷாவின் கல்லறைக்குள் செந்நிறத்திலும் பொன்னிறத்திலும் தீட்டிய ஓவியங்களும் எழுத்தணியும் சுவரிலிருந்து குவிமாடம் வரை நிறைந்திருக்கின்றன. கண் இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் கொடுக்க வேண்டும். முஸ்லிம்கள் இவரை 'வலி', அதாவது இறைநேசர் என்று போற்ற, சிவனை வழிபடும் லிங்காயத்துகள் தங்கள் ஞானியான அல்லமப் பிரபுவின் அவதாரமாக வணங்குகிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் உரூஸ் என்னும் நினைவு விழாவின் போது கலபுரகி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஜங்கமர், அதாவது லிங்காயத்துக் குரு ஒருவர் ஊர்வலமாக வந்து சடங்குகளை நடத்துகிறார். படையும் அரசும் போன பிறகும் ஒரு சுல்தானுக்கு இரண்டு சமயத்தாரும் சேர்ந்து விழா எடுப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஐதராபாத்திலிருந்து ஜகீராபாத் வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். பேருந்தும் ரயிலும் உண்டு. கோடை வெயில் கடுமையானது என்பதால் மழைக்காலம் முடிந்தபின், அக்டோபர் முதல் ஜனவரி வரை செல்வது நல்லது. சுனைகளிலும் அப்போது நீர் நிறைந்திருக்கும். ஐதராபாத்திலிருந்து போய் ஒரே நாளில் திரும்பும் பயணமாக வைத்துக்கொள்ளாதீர்கள். கோட்டைக்கும் மதரசாவுக்கும் ஒரு நாள், நௌபாதுக்கும் பட்டறைகளுக்கும் அஷ்டூருக்கும் இன்னொரு நாள் என்று ஒதுக்கினால்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.