பள்ளி நாட்காட்டியில் ‘தீபாவளி’ என்று அச்சிடலாமா?

அச்சிடலாம். அமெரிக்க அரசுப் பள்ளி நாட்காட்டியில் பண்டிகையைப் பெயரிட்டுக் குறிப்பிடுவதைச் சட்டம் தடுக்கிறது என்று உங்கள் பள்ளி அலுவலகம் சொன்னது சரியன்று. கூட்டாட்சி விடுமுறைச் சட்டமே கிறிஸ்துமஸைப் பெயர் சொல்லித்தான் பட்டியலிடுகிறது, நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை அளிக்கும் சட்டமும் 2023இல் கையெழுத்தானது.

ஒரு சமயத்தின் பண்டிகையைப் பெயரிட்டால் மற்றச் சமயத்தவரும் கேட்பார்கள் என்ற தயக்கமே பெரும்பாலும் உண்மைக் காரணமாக இருக்கும். மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்டியில் (மாவட்டத்தில்) 2014இல் முஸ்லிம்கள் ஈத் பெருநாளையும் குறிப்பிடுமாறு கேட்டபோது, கல்வி வாரியம் கிறிஸ்துமஸ், யூதப் பண்டிகைகள் உட்பட எல்லாச் சமயப் பெயர்களையும் நாட்காட்டியிலிருந்து நீக்கியது. விடுமுறை நாள்களோ அப்படியே இருந்தன. கேட்டவர்களுக்கு எதுவும் தராமல் மற்றவர்களிடம் இருந்ததையும் எடுத்துவிடுவதை அனைவரையும் அரவணைக்கும் அணுகுமுறை என்று என்னால் ஏற்க முடியாது.

உங்கள் பள்ளி நாட்காட்டியை ஏற்ற கல்வி வாரியக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பாருங்கள். பிற சமயப் பண்டிகை ஏதேனும் பெயரோடு இருந்தால், அதே விதியைத் தீபாவளிக்கும் பொருத்துமாறு எழுத்து மூலம் கேளுங்கள். எதற்குமே பெயர் இல்லையெனில், எல்லாப் பண்டிகைகளுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

பெயரிடுவது வேறு, விடுமுறை விடுவது வேறு. பள்ளியை மூடுவதற்கு, வருகை பெரிதும் குறையும் என்பது போன்ற நடைமுறைக் காரணத்தை வாரியங்கள் எதிர்பார்க்கும். மாநில விதிகளும் மாறுபடும்.