ஜெர்மன் மொழிச் சங்கங்கள் பிரபுக்களின் வெட்டிப் பொழுதுபோக்கா?

17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழியை வளர்க்கத் தொடங்கிய சங்கங்களால் ஏதாவது உருப்படியாக நடந்ததா, இல்லை பிரபுக்கள் தங்களுக்குள் பட்டப்பெயர் சூட்டி விளையாடியதோடு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் அந்தப் பட்டப்பெயர்களைத் தாண்டி ஒன்றும் இருக்காது.

விளையாட்டும் இருந்தது, மறுக்கவில்லை. 1617 ஆகஸ்டில் வைமாரில் டோரோதியா மரியா சீமாட்டியின் இறுதிச் சடங்குக்கு வந்த உறவுக்காரர்கள் ஆரம்பித்ததுதான் 'கனி தரும் சங்கம்'. தலைமை ஏற்று நடத்தியவர் அவருடைய தம்பி, கோத்தன் ஊர் இளவரசர் லுட்விக். இத்தாலிய மொழிக்காக ஃப்ளாரன்ஸில் இருந்த க்ருஸ்கா கழகத்தில் அவர் 1600-லேயே உறுப்பினர், அந்த மாதிரியைத்தான் இங்கே கொண்டுவந்தார். லுட்விக்குக் கிடைத்த பெயர் 'ஊட்டுபவர்', சின்னம் கோதுமை ரொட்டி. 1680-க்குள் 890 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் மேட்டுக்குடி. ஆனால் சங்கம் தொடங்கிய மறு வருடமே முப்பதாண்டுப் போர் வந்துவிட்டது. ஊர் ஊராக எரிந்துகொண்டிருக்க, இந்த மனிதர் எழுத்துக்கூட்டல் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பைத்தியக்காரத்தனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அவர்மேல் மரியாதைதான்.

நான் நாகர்கோவிலில் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஜெர்மன் எடுக்கிறவன். கனி தரும் சங்கத்தில் 'விளையாடுபவர்' என்று பெயர் பெற்ற நியூரம்பெர்க்காரர் ஹார்ஸ்டோர்ஃபர் 1651-ல் ஒரு காகிதச் சக்கரத்தை அச்சிட்டார். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து வளையம்: முன்னொட்டு, முதலெழுத்து, நடு எழுத்து, கடை எழுத்து, பின்னொட்டு. வெட்டி எடுத்துக் கோத்துச் சுற்றினால் சொற்கள் விழும். அத்தனை சேர்க்கையையும் பெருக்கினால் பத்துக் கோடியை நெருங்கும். ஒருநாள் சார்ட் பேப்பரில் அதைச் சின்னதாகச் செய்து, நடுவில் குண்டூசி குத்தி வகுப்புக்குக் கொண்டுபோனேன். வெர், க், எ, ஸ், என் என்று வரிசையாக நின்றதும் முன்பெஞ்சில் இருந்த பிள்ளை "சார், வெர்கெஸன், மறக்கிறது!" என்று கத்தினாள். அடுத்த சுற்றில் விழுந்தது எந்த அகராதியிலும் இல்லாத சொல். அதற்கும் ஓர் அர்த்தம் வைத்துச் சிரித்தார்கள். முன்னொட்டு மாறினால் வினை எப்படிப் புரண்டுபோகும் என்று வாரக்கணக்கில் கத்தியும் ஏறாத பாடம் அன்றைக்கு ஏறியது.

மறுநாள் சங்கத்தின் சின்னத்தைக் காட்டினேன். சாட்சாத் தென்னை மரம், கீழே 'எல்லாம் பயனுக்கே' என்ற வாசகம். அந்த மரத்தில் வீணாகப் போவது எதுவும் இல்லை என்று எங்கோ ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ராஜாக்கமங்கலத்துப் பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை.

இதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, "சிலபஸில் இல்லாததை நடத்த வேண்டாம்" என்று மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ். அந்த மாதம் அந்த இரண்டு வகுப்புக்கும் சம்பளம் கிடையாது. பிள்ளைகளிடம் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், வாத்தியாருக்கு மணிக்கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள். மார்க்கர் பேனாகூட என் கைக்காசில்தான். சரி, அது வேறு கதை.

இவர்களெல்லாம் பிறமொழிச் சொல்லை விரட்டுகிற வெறும் தூய்மைவாதிகள் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஹாம்பர்க்கில் தனிச் சங்கம் வைத்த ட்சேசனைச் சொல்கிறீர்கள் என்றால் ஓரளவு உண்மை. ஜன்னலுக்கே 'பகல்விளக்கு' மாதிரி ஒரு சொல் கட்டியவர். அவருடைய எழுத்துச் சீர்திருத்தத்தை லுட்விக்கே கண்டித்தார். ஆனாலும் என் பிள்ளைகள் விண்ணப்பத்தில் முகவரி எழுதும் 'ஆன்ஷ்ரிஃப்ட்' அவர் கணக்கில் சேர்க்கப்படும் சொல்தான். கனி தரும் சங்கத்து உறுப்பினர் ஷோட்டேலியுஸ் 1663-ல் கொண்டுவந்த பெரிய ஜெர்மன் இலக்கண நூலையும் பொழுதுபோக்கு என்று தள்ள முடியாது. இதைத் தனித்தமிழ் இயக்கத்தோடு ஒப்பிடச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். காலம் வேறு, காரணம் வேறு.

ஹார்ஸ்டோர்ஃபரும் க்ளாயும் 1644-ல் நியூரம்பெர்க்கில் தொடங்கிய மலர்ச் சங்கம் இன்னும் நடக்கிறது. பெண் கவிஞர்களை அந்தக் காலத்திலேயே சேர்த்துக்கொண்ட சங்கம் அது. அந்தப் பக்கம் போனால் க்ராஃப்ட்ஸ்ஹோஃபில் அவர்களுடைய இர்ஹைன் தோப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்.