மேட்டூர் பரிசலுக்கு எந்த சோனார்?

கேள்வி: மேட்டூர் அணையில் பரிசலில் போய்த் தங்கூசி வலை போடுகிறேனுங்க. மீன் காட்டும் சோனார் கருவி வாங்கலாம் என்றிருக்கிறேன். 2,000 அடி ஆழம் பார்ப்பதை எடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை என்கிறார் கடைக்காரர். எடுக்கலாங்களா?
- பண்ணவாடி வாசகர்

பதில்: வேண்டாமுங்க. மேட்டூர் நிரம்பினாலே 120 அடிதான். அந்த ஆழமெல்லாம் கடலுக்குப் போகிறவர்களுக்கு. கருவி தண்ணிக்குள் அனுப்பும் ஒலியில், 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழமாகப் போகும், ஆனால் அகலமாகப் பரவி, சின்ன விஷயங்களை மழுப்பிவிடும். உங்களுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும். சிர்ப் (CHIRP - ஒரே அதிர்வெண்ணில் இல்லாமல் பல அதிர்வெண்களில் ஒலி அனுப்பும் முறை) வசதியும் இருந்தால், ஒட்டி நிற்கும் இரண்டு மீனைத் தனித்தனியாகக் காட்டும்.

திரையில் வரும் மீன் பொம்மையைப் பார்த்து மயங்காதீர்கள், மூழ்கிக் கிடக்கும் கிளைக்கும் நீர்க்குமிழிக்கும்கூட அது மீன் பொம்மை போடும், அந்தப் பொம்மை வசதியை நிறுத்திவிட்டு வில் மாதிரி வளையும் கோட்டைப் பாருங்கள். ஒலி கீழே போகப் போகக் கூம்பு மாதிரி விரியும்; 20 டிகிரி கூம்பு என்றால் 60 அடி ஆழத்தில் சுமார் 21 அடி அகலத்துக்குத் தெரியும், 5 அடியில் இரண்டடிகூட வராது. அதனால் மேல்தண்ணியில் மேயும் கட்லாவுக்கு இந்தக் கருவியால் பெரிய பிரயோசனம் இல்லை.

என்னைக் கேட்டால், அடித்தரையைப் பார்க்கத்தான் இதை வாங்க வேண்டும். பாறை பளிச்சென்று தடித்த கோடாக விழும், கீழே இரண்டாவது எதிரொலியும் தெரியும். சேறு மங்கலாகத்தான் இருக்கும். தண்ணி இறங்கும்போது உங்கள் ஊரில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வருகிறதே, அந்த மாதிரி எத்தனை சுவரும் அடிமரமும் அடியில் கிடக்கும்! வலை மாட்டிக் கிழிந்தால் என்ன செலவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழத்துக்குக் கொடுக்கும் காசை ஜிபிஎஸ்ஸுக்குக் கொடுங்கள், வலை மாட்டும் இடத்தையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பரிசலில் சோனாரை எங்கே மாட்டுவது? பேட்டரி?
- பவானிசாகர் வாசகர்

பதில்: பரிசலுக்குப் பின்பலகை கிடையாது, அதனால் ஒரு கம்பில் கட்டி ஓரமாக இறக்குங்கள். ஒலி அனுப்பும் முனை ஒரு சாண் தண்ணிக்குள், நேராகக் கீழே பார்த்து இருக்கட்டும். சாய்ந்தால் ஆழமே தப்பாகக் காட்டும். சின்னத் திரைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் (7Ah) பேட்டரி ஒரு காலைப்பொழுது தாங்கும். அப்புறம், கடை நிழலில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள், வெயிலுக்குக் கொண்டுவந்து திரை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.